லிங்கனுக்கு முன்பே புறப்பட்டவர்கள்: அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் ஆண்டு

போன மாதம் எங்கள் பகுதி இரவுப் பாடசாலையில் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தேன். "அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்தது யார்?" என்று கேட்டதும் எல்லோரும் ஒரே குரலில் "ஆபிரகாம் லிங்கன்" என்றார்கள். பாடப்புத்தகம் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. பின்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கி, "அக்கா, அவரு ஒழிக்கிற வரைக்கும் அவங்க எல்லாம் என்ன பண்ணிட்டு இருந்தாங்க?" என்று கேட்டாள்.

அன்று அவளுக்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். உங்களில் பலரும் இதே கேள்வியோடுதான் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

1861 ஏப்ரல் 12, விடியற்காலை நாலரை மணி. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், நீருக்கு நடுவே இருந்த சம்டர் கோட்டையின் மீது பீரங்கிகள் முழங்கின. கோட்டைக்குள் இருந்தது ஒன்றிய அரசின் சிறிய படை, தலைவர் மேஜர் ராபர்ட் ஆண்டர்சன். கரையில் இருந்து சுட்டது, ஒன்றியத்தில் இருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் படை, தலைவர் ஜெனரல் பியூரிகார்ட். ஒன்றரை நாள் சுட்டார்கள். சண்டையில் ஒருவர்கூடச் சாகவில்லை. சரணடைந்து வெளியேறும்போது கொடிக்கு மரியாதையாகச் சுட்ட வெடியில் நேர்ந்த விபத்தில்தான் முதல் உயிர் போனது. நான்கு ஆண்டுகளில் ஆறு லட்சத்துக்கும் அதிகமானோரைப் பலிகொண்ட போர் இப்படித்தான் ஆரம்பித்தது.

அந்தத் துறைமுகத்தைச் சுற்றி மண்மேடு எழுப்பி பீரங்கி மேடைகளைக் கட்டிய கைகளில் பெரும்பாலானவை அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் கைகள். 1860 கணக்கெடுப்பின்படி தென் கரோலினாவின் மக்களில் 57 சதவீதம் பேர் அடிமைகள். நாடு முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 40 லட்சம் பேர். எந்தப் போர் வரைபடத்திலும் நீல அம்பும் சாம்பல் அம்பும்தான் இருக்கும். இந்த 40 லட்சம் பேருக்கு எந்த நிறத்திலும் அம்பு கிடையாது.

எதற்காக இந்தப் போர்? "மாநில உரிமைக்காக" என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில்கூட மாநில உரிமை என்றதும் சிலருக்குத் தெற்கின் மீது ஒரு சாய்வு வருவதைப் பார்த்திருக்கிறேன். தோழர்களே, தயவுசெய்து அந்தக் குழியில் விழாதீர்கள். கூட்டமைப்பின் துணைக் குடியரசுத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், போர் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பு, மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசிய பேச்சு அப்படியே இருக்கிறது. தங்கள் புதிய அரசின் மூலைக்கல் எது என்று அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல, அடிமைத்தனமே கறுப்பரின் இயல்பான நிலை என்ற கருத்துதான் அந்த மூலைக்கல். அவர்கள் கேட்ட உரிமை மனிதரை உடைமையாக வைத்திருக்கும் உரிமை. வேறு எந்த மாநில உரிமையைப் பற்றியும் அவர்களுக்கு அவ்வளவு கவலை இருந்ததில்லை. வட மாநிலங்கள் ஓடிவந்த அடிமைகளைத் திருப்பித் தராமல் தங்கள் மாநிலச் சட்டத்தைக் காட்டியபோது, அதை மீறி ஒன்றியச் சட்டத்தைத் திணிக்கச் சொன்னவர்களும் இவர்களே.

சரி, வடக்கு? அடிமை ஒழிப்புக்காகவா அது களத்தில் இறங்கியது? அதுவும் இல்லை. மார்ச் 4 அன்று பதவியேற்ற லிங்கன், அடிமை முறை இருக்கும் மாநிலங்களில் அதில் கைவைக்கும் எண்ணம் தனக்கில்லை என்று முதல் உரையிலேயே உறுதி கொடுத்தார். சம்டர் வீழ்ந்த மறுநாள், ஏப்ரல் 15 அன்று, 75,000 தன்னார்வப் படையினர் வேண்டும் என்று அறிவித்தார். மூன்றே மாதச் சேவைக்கு! அதற்குள் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை.

அந்த அழைப்புக்குக் கறுப்பின ஆண்களும் வந்தார்கள். தலைநகர் வாஷிங்டனில் ஜேக்கப் டாட்சன் என்ற கறுப்பினத்தவர், நகரைக் காக்க 300 பேர் தயார் என்று போர்த்துறைக்கு எழுதினார். ராக்கி மலைகளைக் கடந்து பயணம் செய்த அனுபவம் உள்ளவர் அவர். கறுப்பினப் படையினரைச் சேர்க்கும் எண்ணம் இத்துறைக்கு இப்போது இல்லை என்று போர்த்துறைச் செயலாளர் கேமரனிடம் இருந்து பதில் வந்தது. அதே ஏப்ரல் 18 அன்று, பென்சில்வேனியாப் படையோடு சீருடை அணிந்து பால்டிமோர் நகரத் தெருவில் நடந்துபோன நிக்கலஸ் பிடில் என்ற 65 வயது கறுப்பினத்தவரின் முகத்தில் தெற்கு ஆதரவுக் கும்பல் செங்கல்லை வீசியது. எலும்பு தெரியும் அளவுக்குக் காயம். எதிரியின் கையால் இந்தப் போரில் சிந்தப்பட்ட முதல் ரத்தம் அவருடையது என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் அவரைப் படைவீரராகப் பதிவேட்டில் எழுதவில்லை. அதிகாரி ஒருவரின் பணியாளர் என்ற பெயரில்தான் அவர் போனார்.

ஆக, 1861இன் வசந்தத்தில் இரண்டு வெள்ளை அரசுகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. இது வெள்ளையரின் சண்டை. இந்த ஒற்றுமையை முதலில் உடைத்தவர்கள் எந்தத் தளபதியும் அல்ல. ஒரு படகில் வந்த மூன்று பேர்.

வர்ஜீனியாவின் கடற்கரையில், செசாபீக் விரிகுடாவின் வாயிலில், மன்ரோ கோட்டை இருக்கிறது. வர்ஜீனியா பிரிந்துபோன பிறகும் ஒன்றியத்தின் கையிலேயே இருந்த கோட்டை. அது நிற்கும் இடத்தின் பெயர் பாயிண்ட் கம்ஃபர்ட். 1619இல் இருபதுக்குச் சற்று அதிகமான ஆப்பிரிக்கர்கள் ஒரு கப்பலில் கொண்டுவரப்பட்டு, உணவுப் பொருளுக்கு மாற்றாக ஆங்கிலேயக் குடியேறிகளிடம் கொடுக்கப்பட்டது இதே இடத்தில்தான். அந்தக் கோட்டையைக் கட்டிய வேலையாட்களிலும் அடிமைகள் உண்டு. இளம் பொறியாளராக அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர் ராபர்ட் ஈ. லீ. பிறகு தெற்கின் பெருந்தளபதி ஆனாரே, அவரேதான்.

மே 23 அன்று வர்ஜீனியாவின் வாக்காளர்கள் பிரிவினைக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். அன்று இரவே ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மேலரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூவர் எதிர்க்கரையில் இருந்து படகில் ஏறி, கோட்டைக்குத் துடுப்புப் போட்டார்கள். அவர்கள் கர்னல் சார்ல்ஸ் மேலரி என்பவரின் "உடைமைகள்". கோட்டையைக் குறிவைக்கும் பீரங்கி மேடையைக் கட்ட அவர்களை அனுப்பியிருந்தார். அடுத்து வட கரோலினாவுக்கு, குடும்பத்தை விட்டுத் தொலைவாக, கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டார்கள். அந்த நிமிடத்தில் அவர்கள் கணக்கிட்டுப் பார்த்ததை யோசித்துப் பாருங்கள். கோட்டைக்காரர்கள் பிடித்துத் திருப்பி அனுப்பினால் சவுக்கடி நிச்சயம், விற்கப்படுவதும் நடக்கலாம். லிங்கனின் பதவியேற்பு உரைப்படி பார்த்தால் திருப்பி அனுப்புவதுதான் சட்டம். ஓடிப்போன அடிமைகளை உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற 1850ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது.

கோட்டையின் தளபதி பெஞ்சமின் பட்லர் அங்கே வந்து ஒருநாள்தான் ஆகியிருந்தது. மாசசூசெட்ஸ் வழக்கறிஞர். அடிமை ஒழிப்பாளர் என்று எண்ணிவிடாதீர்கள். 1860இல் தன் கட்சி மாநாட்டில் ஜெஃபர்சன் டேவிசை, அதாவது பின்னாளில் தெற்கின் குடியரசுத் தலைவர் ஆனவரை, வேட்பாளராக்க மீண்டும் மீண்டும் வாக்களித்தவர். ஏப்ரலில் மேரிலாந்தில் இருந்தபோது, அடிமைகள் கிளர்ந்தெழுந்தால் அடக்கித் தர என் படை தயார் என்று ஆளுநருக்கு வலியப்போய் எழுதியவர். இப்படிப்பட்டவர் முன்னால்தான் அந்த மூவரும் நின்றார்கள். பட்லர் தனித்தனியாக விசாரித்தார். எதிர்க்கரையில் என்ன கட்டுகிறார்கள், எத்தனை பீரங்கி என்று அவர்கள் சொன்னார்கள். தளபதிக்குத் தேவையான செய்தி அவர்கள் கையில் இருந்தது.

மறுநாள் வெள்ளைக் கொடியோடு மேஜர் கேரி என்பவர் வந்து, கர்னல் மேலரியின் ஆட்களைத் திருப்பிக் கொடுங்கள், அது உங்கள் அரசியல் சாசனக் கடமை என்றார். எந்த அரசில் இருந்து பிரிந்துபோனார்களோ அந்த அரசின் சட்டத்தைக் காட்டி உடைமையைக் கேட்கிறார்கள். பட்லரின் வழக்கறிஞர் மூளை அங்கே வேலை செய்தது. வர்ஜீனியா தன்னைத் தனிநாடு என்கிறது, வெளிநாட்டுக்கு எங்கள் சட்டம் செல்லாது. இந்த ஆட்களை எனக்கு எதிராகப் போர் வேலையில் ஈடுபடுத்தினீர்கள், எனவே இவர்கள் பறிமுதல் செய்யப்பட்ட போர்ச் சரக்கு. ஒன்றியத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால் கர்னல் தன் ஆட்களை வாங்கிக்கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். இந்தக் கடைசி வரியைப் பெரும்பாலான கட்டுரைகள் விட்டுவிடுகின்றன. கர்னல் மேலரி மட்டும் அன்று பிரமாணம் எடுத்திருந்தால் மூவரும் திரும்பிப் போயிருக்க வேண்டியதுதான். அவர் எடுக்கவில்லை.

போர்ச் சரக்கு என்பதற்கு ஆங்கிலத்தில் 'கான்ட்ராபேண்ட்'. அடுத்த நான்கு ஆண்டுகள் ஓடிவந்த லட்சக்கணக்கானோருக்கு இதுவே பெயராக நிலைத்தது. மனிதரை விடுவிக்கும் சொல்லே அவரைச் சரக்கு என்கிறது. எனக்கு இந்தச் சொல் ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. ஆனால் உள்ளே வந்தவர்கள் பெயரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை. கதவு திறக்கிறது என்று தெரிந்தது, அது போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மேலும் 8 பேர் வந்தார்கள். திங்கட்கிழமை 47 பேர், குடும்பம் குடும்பமாக. அந்தக் கோட்டைக்கு அவர்களே வைத்த பெயர் 'விடுதலைக் கோட்டை'.

ஜூலை 30 அன்று பட்லர் போர்த்துறைக்கு எழுதிய கடிதம் இந்தப் போரின் முக்கியமான ஆவணங்களில் ஒன்று. தன்னிடம் 900 பேர் இருக்கிறார்கள் என்று கணக்குக் கொடுக்கிறார். உழைக்கும் வலு உள்ள ஆண்கள் 300, கடும் வேலை செய்ய முடியாத முதியவர்கள் 30, பெண்கள் 175, பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 225, பத்து முதல் பதினெட்டு வயது வரை 170. பிறகு கேட்கிறார்: ஆண்கள் பீரங்கி மேடை கட்டினார்கள், அதனால் போர்ச் சரக்கு என்று பறிமுதல் செய்தேன். இந்தக் கைக்குழந்தைகள் எந்தப் போர் வேலை செய்தார்கள்? இவர்கள் சரக்கா, மனிதர்களா? மூன்று மாதத்துக்கு முன்பு அடிமைக் கிளர்ச்சியை அடக்க முன்வந்த மனிதர் இந்தக் கேள்வியை எழுதும் இடத்துக்கு வந்திருக்கிறார். அவரை அங்கே கொண்டுவந்தது அவருடைய மனசாட்சி என்று நான் நினைக்கவில்லை. அந்த 900 பேரும் அவர் வாசலில் வந்து உட்கார்ந்ததுதான்.

இதற்கிடையே ஜூன் 10 அன்று மன்ரோ கோட்டைக்குச் சில மைல் தொலைவில் பிக் பெத்தல் என்ற இடத்தில் ஒரு சண்டை நடந்தது. இந்தப் போரின் ஆரம்பத் தரைச் சண்டைகளில் ஒன்று. ஒன்றியப் படை படுதோல்வி. இருட்டில் தங்கள் படையையே சுட்டுக்கொண்டார்கள். அந்தச் சண்டைக்கு முன்னால் எதிரி அங்கே அரண் அமைத்திருப்பதைத் தனியாகப் போய்ப் பார்த்துவந்து சொன்னவர் ஜார்ஜ் ஸ்காட், அடிமைத்தளையில் இருந்து தப்பி வந்தவர். திட்டம் தீட்டிய மேஜர் வின்த்ராப் தன் குறிப்பில், ஜார்ஜ் ஸ்காட்டிடம் ஒரு துப்பாக்கி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். வாஷிங்டனில் 300 பேரை வேண்டாம் என்று சொல்லி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. வின்த்ராப் அந்தச் சண்டையிலேயே கொல்லப்பட்டார்.

பெரிய சண்டை ஜூலை 21இல் வந்தது. வாஷிங்டனுக்குத் தென்மேற்கே, மனாசஸ் ரயில் சந்திப்பு அருகே, புல் ரன் என்ற ஓடையை ஒட்டி நடந்தது. ஓடையின் பெயரை வைத்து வடக்கு 'புல் ரன்' என்றது, ஊரின் பெயரை வைத்துத் தெற்கு 'மனாசஸ்' என்றது. ஜெனரல் மெக்டவல் தலைமையில் சுமார் 35,000 பேர் புறப்பட்டார்கள். மூன்று மாதச் சேவை முடியப்போகும், பயிற்சி போதாத படை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தலைநகரின் அரசியல்வாதிகளும் கனவான்களும் குதிரை வண்டிகளில் சாப்பாட்டுக் கூடையோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். காலையில் வடக்கின் கை ஓங்கியிருந்தது. ஹென்றி மேட்டில் தாமஸ் ஜாக்சனின் படை அசையாமல் நின்றதும், ஷெனன்டோவா பள்ளத்தாக்கில் இருந்து ஜெனரல் ஜான்ஸ்டனின் படை ரயிலில் வந்து சேர்ந்ததும் ஆட்டத்தை மாற்றின. போர்க்களத்துக்கு ரயிலில் துணைப்படை கொண்டுவந்து வென்ற முதல் சண்டைகளில் ஒன்று இது. மாலையில் ஒன்றியப் படை பின்வாங்கியது, பின்வாங்கல் ஓட்டமானது, வேடிக்கை பார்க்க வந்த வண்டிகளும் படையும் ஒரே சாலையில் முட்டிக்கொண்டன. ஆல்ஃபிரட் ஈலி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் சிறைபிடிக்கப்பட்டார். இரு தரப்பிலும் சேர்த்துச் செத்தவர்கள் 800க்கும் மேல். காயம்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்தால் ஏறக்குறைய 5,000.

சாப்பாட்டுக் கூடைக் கதையை எல்லோரும் சொல்வார்கள். ஜான் பார்க்கரின் கதையைச் சொல்வோர் குறைவு. அவர் அடிமைப்படுத்தப்பட்டவர். அன்று தெற்கின் பீரங்கி ஒன்றில் குண்டு நிரப்பும் வேலையில் கட்டாயப்படுத்தி நிறுத்தப்பட்டார். பிறகு தப்பி வடக்கே வந்து, 1862இல் பத்திரிகைகளில் தன் அனுபவத்தைச் சொன்னார். எதிரே வருபவர்கள் ஜெயிக்க வேண்டும் என்று உள்ளே வேண்டிக்கொண்டே குண்டு நிரப்பினோம், ஓடிப்போகத் துணிந்தால் அங்கேயே சுட்டிருப்பார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். "தெற்கின் பக்கம் கறுப்பர்களும் விருப்பத்தோடு போரிட்டார்கள்" என்று இணையத்தில் சுற்றும் கதைக்கு அவர் போன்றவர்களைத்தான் சாட்சியாக நிறுத்துகிறார்கள். அவர் பேசியதைப் படிக்காமலேயே. அடிமைப்பட்டவர் ஆண்டையின் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து அது அவர் விருப்பம் என்று எழுதும் பழக்கம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல, உங்களுக்குத் தெரியும்.

தோல்விக்கு மறுநாள் ஒன்றிய நாடாளுமன்றத்தின் கீழவை என்ன செய்தது? இந்தப் போர் மாநிலங்களின் நிலைபெற்ற அமைப்புகளைக் குலைப்பதற்காக அல்ல என்று ஒரு தீர்மானம். அமைப்பு என்றால் அடிமை முறை. ஜூலை 25 அன்று மேலவையும் அதே பொருளில் நிறைவேற்றியது. அடுத்து, ஆகஸ்ட் 6 அன்று, அதே நாடாளுமன்றம் முதல் பறிமுதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. கிளர்ச்சியின் போர் வேலையில் ஈடுபடுத்தப்பட்ட அடிமைகள் மீது உரிமையாளருக்கு இனி உரிமை கிடையாது. இரண்டு வாரத்துக்குள் இப்படி ஒரு நகர்வு. புல் ரன் தோல்வி காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது சரிதான். தெற்கின் அரண்களை யார் கட்டுகிறார்கள் என்று தோற்ற பிறகுதான் கண்ணில் பட்டது. ஆனால் அதற்கு முன்பே மன்ரோ கோட்டையில் 900 பேர் இல்லாவிட்டால் அந்தச் சட்டம் எதைப் பற்றியதாக இருந்திருக்கும்?

மேற்கில் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மிசூரியில் ஆகஸ்ட் 10 அன்று வில்சன்ஸ் கிரீக்கில் ஒன்றியப் படை தோற்றது. அங்கிருந்த ஜெனரல் ஃபிரமான்ட், கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் விடுதலை பெற்றவர்கள் என்று ஆகஸ்ட் 30 அன்று அறிவித்தார். லிங்கன் செப்டம்பரில் அதை ரத்து செய்தார். கென்டக்கி போன்ற, அடிமை முறை வைத்துக்கொண்டே ஒன்றியத்தில் இருந்த மாநிலங்கள் கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம். ஃபிரமான்டுக்குப் பின் வந்த ஹாலெக், ஓடிவரும் அடிமைகளைப் படை எல்லைக்குள் விடவே கூடாது என்று உத்தரவு போட்டார். அவர்கள் எதிரிக்கு உளவு சொல்வார்களாம்! 1862 பிப்ரவரியில் டென்னசியில் ஹென்றி, டோனல்சன் கோட்டைகளை கிராண்ட் பிடித்தார். ஏப்ரல் 6, 7 தேதிகளில் ஷைலோவில் இரண்டே நாளில் 23,000க்கும் மேற்பட்டோர் செத்தும் காயம்பட்டும் காணாமலும் போனார்கள். மூன்று மாதத்தில் முடியும் என்ற பேச்சு அங்கே செத்தது.

தென் கரோலினாவுக்குத் திரும்புவோம். 1861 நவம்பர் 7 அன்று போர்ட் ராயல் நீர்ப்பரப்பில் ஒன்றியக் கடற்படை இரண்டு கோட்டைகளைச் சுட்டு வீழ்த்தியது. தெற்குப் படைக்குத் தலைவர் தாமஸ் டிரேட்டன். சுட்ட கப்பல்களில் ஒன்றின் தலைவர் அவருடைய சொந்தத் தம்பி பெர்சிவல் டிரேட்டன். இந்தச் சகோதரக் கதையை எல்லாப் புத்தகத்திலும் பார்க்கலாம். "அண்ணன் தம்பிச் சண்டை" என்று இந்தப் போரைச் சொல்லிப் பழகியவர்களுக்கு இது அல்வா. அந்தத் தீவுகளில் மக்கள்தொகையில் பெரும்பான்மை அண்ணனும் அல்ல, தம்பியும் அல்ல.

பீரங்கிச் சத்தம் கேட்டதும் தோட்ட முதலாளிகள் படகேறி ஓடினார்கள். அடிமைகளையும் ஏறச் சொன்னார்கள். வராதவர்களைச் சுட்ட நிகழ்வுகளும் உண்டு. ஆனாலும் சுமார் 10,000 பேர் போகவில்லை. வயலிலும் சதுப்பிலும் ஒளிந்துகொண்டு இருந்துவிட்டார்கள். சாம் மிட்செல் என்பவர் அப்போது சிறுவன். பல பத்தாண்டுகள் கழித்து முதியவராகக் கொடுத்த பேட்டியில், மேகமே இல்லாத வானத்தில் இடி இடிக்கிறதே என்று தான் கேட்டதையும், அது இடி இல்லை, உனக்கு விடுதலை கொடுக்க வருகிறார்கள் என்று அம்மா சொன்னதையும் நினைவுகூர்ந்தார். விடுதலை கொடுக்கும் எண்ணம் வாஷிங்டனுக்கு அன்று இல்லை என்பது நமக்குத் தெரியும். அந்த அம்மா ஓராண்டு முன்னதாகவே முடிவுசெய்துவிட்டார்.

முதலாளி ஓடியதும் அவர்கள் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, பல தோட்டங்களில் பருத்தி அரவை இயந்திரங்களை உடைத்துப்போட்டதும், பருத்திக்குப் பதிலாக மக்காச்சோளமும் சர்க்கரைவள்ளியும் பயிரிட்டதும். பருத்தி முதலாளிக்கு, சோளம் வயிற்றுக்கு. வடக்கில் இருந்து வந்த அதிகாரிகளுக்கு இது புரியவில்லை. ஒன்றியக் கருவூலத்துக்குப் பருத்தி வேண்டும். மறுபடியும் பருத்தி விதைக்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். முதல் ஆண்டிலேயே, முதலாளி மாறினாலும் பயிர் மாறக் கூடாது என்ற குரல் வந்துவிட்டது. கூடவே ஆசிரியர்களும் வந்தார்கள். 1862இல் செயின்ட் ஹெலினா தீவில் தொடங்கிய பென் பள்ளியின் வளாகம் இன்றும் இருக்கிறது. மன்ரோ கோட்டை அருகே மேரி பீக் என்ற சுதந்திரக் கறுப்பினப் பெண், 1861 செப்டம்பரிலேயே ஒரு ஓக் மரத்தருகே வகுப்பு தொடங்கியிருந்தார். காசநோயோடு கற்பித்து, அடுத்த பிப்ரவரியில் இறந்துபோனார். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது வர்ஜீனியாவில் சட்டவிரோதம். போருக்கு முன்பு அவர் ரகசியமாகக் கற்றுக்கொடுத்து வந்தவர்.

இந்த முகாம்களைச் சொர்க்கம் என்று சொல்லவில்லை. கூலி என்று கணக்கில் எழுதினார்கள். அதில் பெரும்பகுதியை முகாம் நிதி என்று பிடித்துக்கொண்டார்கள், மீதியும் மாதக்கணக்கில் வரவில்லை. அம்மையும் காய்ச்சலும் கொத்துக்கொத்தாகக் கொன்றன. கடற்படை 1861 செப்டம்பரில் இவர்களைச் சேர்க்க ஒப்புக்கொண்டபோதும், 'பையன்' என்ற கடைநிலைப் பதவிக்கு மேல் கிடையாது என்று எழுதியே சேர்த்தது. நாற்பது வயதானாலும் பையன்தான். 1862 ஏப்ரல் 16 அன்று தலைநகரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 3,000க்கும் மேற்பட்டோர் விடுதலை ஆனார்கள். ஆளுக்கு 300 டாலர் வரை இழப்பீடு கொடுத்தார்கள். யாருக்கு? உரிமையாளர்களுக்கு!

இவ்வளவையும் ஒரே பார்வையில் வைத்துப் பார்த்தவர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ். 1935இல் வெளிவந்த தன் நூலில் அவர் இந்த ஓட்டத்தை ஒரு பொது வேலைநிறுத்தம் என்றார். தோட்டத்தில் உழைப்பை நிறுத்தி, அதே உழைப்பை எதிர்த்தரப்புக்குக் கொண்டுபோனதால்தான் தெற்கு சாய்ந்தது என்பது அவர் வாதம். சமூகவியல் படித்தபோது எனக்கு இந்தப் புத்தகத்தை யாரும் தரவில்லை, பிறகு நானாகத் தேடிப் படித்தேன். அம்பேத்கர் 1946இல் டு பாய்சுக்குக் கடிதம் எழுதியதை உங்களில் பலர் அறிவீர்கள். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவையிடம் கொடுத்த மனுவின் பிரதி கேட்டு எழுதிய கடிதம் அது. அதற்கு 73 ஆண்டுகள் முன்பே ஜோதிராவ் ஃபுலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்ததற்காக அமெரிக்காவின் நல்ல மக்களுக்குக் காணிக்கை ஆக்கியிருந்தார். ஃபுலே மீது எனக்குள்ள மரியாதை குறையாமலே ஒன்று சொல்கிறேன். அந்தக் காணிக்கையைப் பெற வேண்டியவர்களின் வரிசையில் படகில் வந்த அந்த மூவரின் பெயரையும் நான் மனதில் சேர்த்தே படிக்கிறேன்.

இரவுப் பாடசாலைப் பெண்ணுக்கு நான் அன்று சொல்லி முடிக்காத கதை ஒன்று பாக்கி. போர் தொடங்கிய அதே சார்ல்ஸ்டன் துறைமுகம், 1862 மே 13, விடியும் முன். 'பிளான்டர்' என்ற நீராவிக் கப்பல் கரையில் நிற்கிறது. பருத்தி ஏற்றிய கப்பல், இப்போது தெற்குப் படையின் ஆயுதக் கப்பல். வெள்ளை அதிகாரிகள் மூவரும் விதியை மீறி இரவு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கப்பலில் இருப்பவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட மாலுமிகள் மட்டும். சுக்கான் பிடிப்பவர் ராபர்ட் ஸ்மால்ஸ், வயது 23. அவர் கேப்டனின் வைக்கோல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். கப்பலைக் கிளப்பி, இன்னொரு துறையில் மறைந்திருந்த மனைவி, குழந்தைகள், மற்றவர்களின் குடும்பங்களை ஏற்றினார். வழியில் இருந்த ஒவ்வொரு கோட்டைக்கும் சரியான ஊதல் சமிக்ஞை கொடுத்தார். எத்தனை முறை கேப்டன் பக்கத்தில் நின்று கேட்டிருப்பார். கடைசியாக சம்டர் கோட்டை. பீரங்கிகளின் வாய்க்கு நேர் கீழே, அவசரமில்லாமல், கேப்டன் நிற்கும் தோரணையிலேயே நின்று கடந்தார். கோட்டை வழிவிட்டது. குண்டு எட்டாத தூரம் வந்ததும் தெற்கின் கொடியை இறக்கி, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். எதிரே நின்ற ஒன்றியக் கப்பல் சுடத் தயாரான நேரத்தில் அந்த விரிப்பு கண்ணில் பட்டது. பீரங்கிகள், குண்டுகள், தெற்கின் சமிக்ஞைக் குறியீட்டுப் புத்தகம் எல்லாம் கப்பலோடு வந்தன.

அந்த வாரமே, மே 19 அன்று, தென் கரோலினா உட்பட மூன்று மாநில அடிமைகளுக்கு விடுதலை என்று ஜெனரல் ஹன்டர் வெளியிட்டிருந்த ஆணையை லிங்கன் ரத்து செய்தார்.

ஆகஸ்டில் ஸ்மால்ஸ் வாஷிங்டனுக்குப் போய்ப் போர்த்துறைச் செயலாளர் ஸ்டான்டனைச் சந்தித்தார். தென் கரோலினாக் கரையில் 5,000 கறுப்பினத்தவர் வரை ஆயுதம் கொடுத்துப் படையில் சேர்க்கலாம் என்ற அனுமதி ஆகஸ்ட் 25 அன்று எழுதப்பட்டது. கடிதத்தைத் தீவுகளுக்குக் கொண்டுவந்தவர்களில் ஸ்மால்ஸும் ஒருவர். வெள்ளைப் படைவீரருக்கு மாதம் 13 டாலர் என்று இருந்தபோது, ஜூலையில் வந்த சட்டம் கறுப்பினத்தவருக்கு 10 டாலர் என்று வைத்திருந்தது, அதிலும் 3 டாலர் துணிக்குப் பிடித்தம். சம ஊதியம் கேட்டு அவர்கள் சம்பளமே வாங்காமல் நின்ற கதை 1863இல் வருகிறது. அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.